மலையில் இசைக்க ஓரிடம்

ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை தமிழில் உண்டென்பதை எம் மாணவர்கள் முதலாமாண்டிலேயே அறிந்துவிடுகின்றனர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன ஊரில் இளைப்பாறுக, இன்னான் வாயிலிற் சென்று இசைக்க என நெறிகாட்டுவது அது. புரவலன் பெயரையும் அடி எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். அவ்விலக்கியத்தின் உள்ளே கிடக்கும் எளிய உண்மையொன்றை மட்டும் பெரும்பாலும் கவனியாது விட்டுவிடுகிறோம். இசைப்பவனுக்குக் கருவி உண்டு, குரல் உண்டு, பாட்டும் உண்டு. இல்லாதது இசைப்பதற்கான இடம். பத்துப்பாட்டுள் மலைபடுகடாம் 583 அடி நீண்டு செல்வது அந்த இடத்திற்கான வழியைச் சொல்வதற்காகவே. கூத்தர் தோளிற் சுமந்து செல்லும் கருவிகளின் பெயர்களோடு அது தொடங்குகிறது. பின்னர் மலையில் எழும் பல்வேறு ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கிறது. யானையின் முழக்கத்தை மலைமேல் ஏற்றிப் பெயரிட்ட பாட்டு அது. மலையென்றால் அமைதி என்று இன்றைய சுற்றுலாத் துண்டறிக்கைகள் கூறுகின்றன. பெருங்கௌசிகனார் அவ்வாறு கருதவில்லை.

இம்முன்னுரை எதற்கெனின், இவ்வாண்டு மலரில் சற்றே வழக்கத்திற்கு மாறானதொரு பொருள் பற்றி எழுத எண்ணினோம். நீலகிரித் தோட்டங்களிலிருந்து எம் வகுப்புகளுக்கு வரும் இளைஞர் சிலர் கிதாரும் டிரம்ஸும் கொண்டு தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து இசைக்கின்றனர். ராக் என்கிறார்கள், பங்க் என்கிறார்கள், இத்தகைய இசையை ‘அண்டர்கிரவுண்ட்’ என்றும் வழங்குகிறார்கள். சபாக்களும் திரைப்படமும் வானொலியும் அரசு விழா மேடையும் ஏற்காத, அல்லது அவற்றைத் தான் நாடாத இசை என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். இப்பொருளை எடுத்தவுடனே பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை யாம் அறியாமலில்லை. கிழிந்த ஆடை, வளர்ந்த முடி, செவியைத் துளைக்கும் ஓசை, இவற்றுக்கெல்லாம் மேலாக மது. இந்த நான்காவதைப் பற்றியே யாம் விரிவாகப் பேச விரும்புகிறோம். முதல் மூன்றும் காலம் திருத்திக்கொள்ளும்.

எம் மாணவர் மூவர், பெயர் வேண்டா, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள். ஒருவன் தந்தை தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவில் வேலை. மற்ற இருவரின் தாய்மாரும் கொழுந்து பறிப்பவர்கள். இவர்கள் பயிற்சி செய்யும் இடத்தை ஒருநாள் சென்று கண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும் கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது. பக்கச்சுவர் இல்லை. மேற்கே காற்றடித்தால் மழை உள்ளே வரும். டிரம்ஸ் வாங்க வசதியில்லாத பையன் பழைய டயர் ஒன்றின்மேலும் தகர டின் இரண்டின்மேலும் கோல்கொண்டு பழகுகிறான். அம்மலைப் பனியில் கிதாரின் கம்பிகள் மாதத்திற்கொருமுறை துருவேறுகின்றன. வீட்டில் பழகக்கூடாதா என வினவினோம். லயன் வீட்டின் ஓர் அறையில் ஐந்துபேர் உறங்க, சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம் உறங்க, விடிந்தால் எல்லாரும் மலையேற வேண்டியிருக்க, இரவில் எவ்வாறு பழகுவது என்று அவன் திருப்பிக் கேட்டான். எமக்கே வெட்கமாயிற்று, யாமும் அத்தகைய லயன் ஒன்றிற் பிறந்து வளர்ந்தவரே.

நகரில் ஒரு மண்டபம் கேட்டார்கள். திருமணத்திற்குத் தருவோம், ஆன்மிகச் சொற்பொழிவிற்குத் தருவோம், இத்தகைய ‘கூத்துக்கு’த் தரமாட்டோம் என்றனராம். (கூத்து என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியை எண்ணிப் பார்க்க! மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டென்பதை அந்த மண்டபத்தார் அறிந்திருக்க நியாயமில்லை.) வேறோர் இடத்தில் ஒருநாள் வாடகையாகக் கேட்ட தொகை, அவர்களுள் ஒருவன் தாய் ஒரு மாதம் முழுதும் பறித்தாலும் கிட்டாதது. முடிவில் அவர்களை அழைத்தது ஒரு விடுதி. சமவெளியிலிருந்து வார இறுதிகளில் மலையேறி வருவோர் கூடாரமடித்துக் குடிக்கும் இடம் அது. தீமூட்டி அதைச் சுற்றி அமர்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே எம் மாணவர் மூவரும் தம் முதல் மேடை கண்டனர். தோட்டத்தைப் பற்றித் தாம் எழுதிய பாட்டைத் தொடங்கியவுடன், அது வேண்டாம், திரைப்பாட்டுப் பாடு என்று குரல்கள் எழுந்தன. பாடினார்கள். உணவும் சிறிது பணமும் கிடைத்தன. மதுவும் நீட்டப்பட்டது. ஒருவன் அதை வாங்கிக்கொண்டான் என்பதையும் மறைக்காமல் எம்மிடம் கூறினான்.

இதிற் பிழை யாருடையது? அவ்விளைஞனைக் கடிந்துகொள்வது எளிது, யாமும் கடிந்துகொண்டோம். ஆயின் மதுக்கடை ஒன்றுதான் கதவைத் திறந்து வைத்தது. ஏனைய நாம் அனைவரும் தாழிட்டுக்கொண்டோம் என்பதையும் உடன்சேர்த்துச் சொல்லவேண்டுமன்றோ?

இந்த இசையின் வரலாற்றைச் சற்று நோக்கினால் இடத்தின் அருமை விளங்கும். 1973ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் மாநகரின் பவரி வீதியில், அக்காலத்தில் வீடற்றோரும் குடிகாரரும் நிறைந்திருந்த பகுதியில், ஹில்லி கிறிஸ்டல் என்பவர் சிபிஜிபி என்றோர் இடத்தைத் திறந்தார். நாட்டுப்புற இசைக்காகத் திறந்த இடம்; பெயரே அதற்கான சுருக்கம்தான். வந்து சேர்ந்தவர்களோ வேறு. வேறெங்கும் இடங்கிடையாத இளைஞர்கள் ரமோன்ஸ், டெலிவிஷன், பேட்டி ஸ்மித் எனப் பல பெயர்களில் அங்கே இசைத்தனர். கிறிஸ்டல் விதித்த நிபந்தனை குறிப்பிடத்தக்கது: பிறர் பாட்டைப் பாடலாகாது, சொந்தப் பாட்டையே பாடவேண்டும். ஒரு குறுகிய அழுக்கடைந்த கூடமும் இந்த ஒரு விதியும் சேர்ந்து ஓர் இசை மரபையே பிறப்பித்தன. 1976 செப்டம்பரில் இலண்டன் ஆக்ஸ்ஃபோர்டு வீதியின் 100 கிளப்பில் நடந்த இருநாள் விழா, இங்கிலாந்தில் பங்க் இசையை ஊரறியச் செய்தது. சிபிஜிபி, வாடகைத் தகராற்றின் முடிவில் 2006 அக்டோபரில் மூடப்பட்டது. இசையை விமரிசகர் கொல்வதில்லை, வாடகை கொல்கிறது போலும்.

இவ்விரண்டும் மது விற்ற இடங்கள். இசைக்கூடத்தை மது விற்றே நடத்தவேண்டும், வேறு வழியில்லை என்பது இன்றும் பெருநகரங்களிற் சொல்லப்படும் கணக்கு. நுழைவுக் கட்டணத்தில் வாடகை வராது; கோப்பையில்தான் வரும் என்பர். இதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. தமிழ்நாட்டில் 21 அகவை நிரம்பாதோர்க்கு மது தரலாகாது என்பது சட்டம். ஆகவே இவ்விசையை உண்டாக்கும் பருவத்தினரே இவ்விசை நடக்கும் இடத்திற்குள் முறைப்படி நுழைய இயலாது. நல்ல குடும்பத்துப் பெண்மக்கள் அப்பக்கம் நாடார். எஞ்சுவோர் யாரெனில், இசைக்காக வாராமல் குடிக்காக வருவோர். ஆகவே பாடுவோரும் அவர்கள் விரும்பியதையே பாடவேண்டியதாகிறது. எம் மாணவர் மூவர்க்கும் அந்த விடுதியில் நேர்ந்தது இதுவே.

ஆனால் இந்தக் கணக்கைப் பொய்யாக்கிய இடம் ஒன்று உண்டு. எம் போன்ற கல்லூரிகள் அதைப்பற்றி அறிதல் நலம். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்துக் கில்மன் வீதி, கதவு எண் 924. 1986 டிசம்பர் 31 அன்று அங்கே இளைஞர் சிலர் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு பங்க் இசைக்கூடம் திறந்தனர். அங்கே மது இல்லை. போதைப்பொருள் இல்லை. அடிதடி கூடாது. நிறவெறிப் பேச்சும் பெண்களை இழிவுசெய்யும் பேச்சும் கூடா. எல்லா அகவையினரும் வரலாம். உறுப்பினர் கட்டணம் சிறிது. வாயிலில் நிற்பவரும், ஒலியமைப்பைக் கவனிப்பவரும், கூட்டிப் பெருக்குபவரும் தொண்டர்களே. நாற்பது ஆண்டை நெருங்கும் வரை அது நிலைத்தது என்பது வியப்பிற்குரியது. கிரீன் டே என்னும் உலகப்புகழ் பெற்ற குழு தொடக்கத்தில் அங்கே வளர்ந்ததே. பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டபின் அக்குழுவையே கில்மன்காரர்கள் மேடையேற்ற மறுத்தனர். அது சற்று மிகையான கண்டிப்பு என்பது எம் கருத்து. இருப்பினும், மதுவை விலக்கினால் இவ்விசை வாழாது என்போர்க்கு இதைவிட விடை வேறு வேண்டுமோ? அதே நாட்டின் தலைநகரில் 1980களின் தொடக்கத்தில் மைனர் திரெட் என்னும் பங்க் குழுவினரைத் தொடர்ந்து, குடியோம், புகையோம், போதை நாடோம் என்று உறுதி பூண்ட இளைஞர் இயக்கமே தோன்றிற்று. அவர்கள் கையில் இட்டுக்கொண்ட பெருக்கற்குறி, மது தரலாகாத சிறார் என்று அடையாளங்காட்டக் கடைக்காரர் இட்ட குறியே. இழிவாக இடப்பட்டதை அவர்கள் பெருமையாக ஏற்றுக்கொண்டனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழில் இவ்வகை இசை கடந்த சில ஆண்டுகளிற் பெற்ற பெரும் எழுச்சி ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு. இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட இக்குழுவில் கானாப் பாடகரும் சொல்லிசைக் கவிஞரும் பறையிசைப்போரும் கிதார் வாசிப்போரும் ஒன்றாய் நின்றனர். சாவு வீட்டுக்கு வெளியே பந்தலில் ஒலித்துவந்த கானாவும் அயல்நாட்டு ராக்கும் ஒரே மேடையில் கைகோத்தன. அதில் பாடிய இசைவாணி அவர்களைப் பிபிசி நிறுவனம் 2020இல் உலகின் 100 பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று நடந்தது. எங்கே? சபா ஒன்றிலா? விண்மீன் விடுதியிலா? சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலில். பெயின் பள்ளித் திடல் அன்று திறவாதிருந்தால் அம்முதல் இரவு வேறெங்கே, எப்போது வாய்த்திருக்குமோ! கல்வி நிறுவனத்தார் இதனை ஊன்றி நோக்கவேண்டும்.

அக்குழுவின் பெயருக்கும் எம் மலைக்கும் ஓர் உறவு உண்டு. இதனைச் சென்னை நண்பர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். சாதியற்ற தமிழர் என்ற கருத்தை முன்வைத்த பண்டிதர் அயோத்திதாசரின் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. 1845இல் பிறந்த பண்டிதர் தம் இளமையின் பெரும்பகுதியை நீலகிரியிற் கழித்தவர். அவர் அத்வைதானந்த சபையை 1870களில் நிறுவியது இம்மலையில். திராவிட மகாஜன சபையின் முதல் மாநாட்டை 1891 டிசம்பரில் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியதும் இம்மலையிலேயே. ஆக, 2018இல் சென்னைத் திடலில் முழங்கிய சொல், ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன் உதகையின் குளிரில் விதைக்கப்பட்டது. விதைத்த மலையில் அது முழங்க இன்று ஒரு கூடம் இல்லை.

தேயிலைக்கும் இதில் பங்குண்டு. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை எழுதிப் பாடிய அறிவு, அதற்கு ஊற்றுக்கண் தம் பாட்டி வள்ளியம்மாள் கூறிய கதைகளே என்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின் தாயகம் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவ்வம்மையார். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அவர்களைக் கேட்டா முடிவு செய்தார்கள்? வந்தவர்களுள் பெருந்தொகையினர்க்கு வாழ்வளிக்க 1968 முதல் தமிழக அரசு கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிற் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டது. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. எம் மாணவர் பலரின் பாட்டன் பாட்டியர் அக்கப்பலில் வந்தவர்களே. அவர்கள் துணிமூட்டையோடு ஒரு தப்பையும் கொண்டுவந்தனர். இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பி வேலைக்கணக்கிற்கு அழைக்கத் தப்படிப்பது வழக்கம். பிரட்டுத் தப்பு என்பார்கள். உறக்கத்தைக் கெடுத்த அதே கருவிதான் இரவில் காமன் கூத்திற்கும் முழங்கிற்று. கங்காணியின் ஆணைக்கும் அடிமைப்பட்டவனின் களிப்புக்கும் ஒரே தோல்! அத்தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்குத் தமிழ்த்துறைகள் இன்னும் உரிய நன்றி செலுத்தவில்லை என்பது எம் குறை. அதை வேறொரு மலரில் எழுதுவோம்.

இம்மக்களுக்கு இங்கும் இடம் நிலையானதன்று. தோட்டத் தொழிலாளி ஓய்வுபெற்றால் லயன் வீட்டைக் காலிசெய்யவேண்டும். 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு முடிவெடுத்தபோது இவ்வச்சம் பன்மடங்காயிற்று. வீடே நிலையில்லாதவன் பிள்ளைக்குப் பயிற்சி அறை கேட்பது பேராசை என்று சிலர் கூறலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. வள்ளியம்மாளின் கதை பாட்டானதால் உலகம் அதை அறிந்தது. பாட்டாகாத ஆயிரம் வள்ளியம்மாள்கள் இம்மலையில் மறைந்துபோயினர். பாட்டு வென்றபோதும் பாடியவன் நிலை எளிதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோது அறிவு மேடையில் இல்லை. அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லையென அதன் இசையமைப்பாளரே 2024இல் வெளிப்படையாகக் கூறினார். சொந்தக் கூடமில்லாதவன் பிறர் மேடையில் விருந்தினன். அழைத்தால் வரலாம், அழையாவிடில் இல்லை.

இம்மலையின் தொல்குடிகளுள் ஒருவரான கோத்தர் இதற்கு நல்ல சான்று. ஏழு ஊர்களில் வாழும் அவர்கள் கொல்லரும் குயவரும் ஆவர். கொள் எனும் குழற்கருவியும் தபட்க் எனும் தோற்கருவியும் அவர்களுடையவை. தோடர், படகர் வீட்டுச் சாவுச் சடங்குகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அவர்களே இசைத்துவந்தனர். 1930களில் படகரிடையே எழுந்த சீர்திருத்த எண்ணத்தால் கோத்தர் இசை வேண்டாமென ஒரு சாரார் விலக்கினர், பூசலும் மூண்டது. காலப்போக்கில் கோத்தருமே, பிறர் சாவுக்கு இசைப்பது தமக்கு இழிவெனக் கருதலாயினர். புரவலர் வாயில் இவ்வாறு இருபுறமும் அடைபட்டபின் அவ்விசை அழிந்திருக்கவேண்டும். அழியவில்லை. காரணம், அவர்கள் ஊர் நடுவே அவர்களுக்கெனத் திடல் இருக்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அவர்கள் தெய்வமாகிய கம்பட்டராயர்க்குப் பல நாள் விழா இருக்கிறது. இரவெல்லாம் தீமூட்டித் தோலைக் காய்ச்சி முழக்கி வட்டமாக ஆடுகின்றனர். யாரிடமும் மண்டபம் கேட்பதில்லை. திணைக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், நிலத்தையும் இசையையும் பிரித்து எண்ணவில்லை. மண்ணில்லாத இசை நெடுநாள் நில்லாது என்பதை அவர் அறிந்தே வைத்தார் என்று கொள்வதில் தவறில்லை.

மண்ணுடையவர் ஆடிய விளையாட்டையும் எண்ணிப் பார்ப்போம். உதகையில் வெள்ளையர் சங்கத்துக் கூடத்தில் 1882இல் நெவில் சேம்பர்லின் என்னும் படைத்தலைவர் ஸ்நூக்கர் ஆட்டத்திற்கு விதி வகுத்தார். (பிற்காலத்துப் பிரதமர் அல்லர் இவர்.) உலகெங்கும் ஆடப்படும் ஓர் ஆட்டம் எம் ஊரில் உருப்பெற்றதென நாமும் பெருமை பேசுகிறோம். ஒரு மேசை, ஒரு கூரை, மாலையில் ஓய்வு: இம்மூன்றும் இருந்தன, ஆகவே பிறந்தது. அதே காலத்தில் அதே மலையில் தோட்டத்துத் தப்புக்காரனுக்கு இம்மூன்றில் எதுவும் இல்லை.

இனி, எம் பெரியோர் உள்ளத்தில் உள்ள தயக்கத்தைத் தொட்டுப் பேசவேண்டும். இசை கூடுமா, எத்தகைய இசை கூடும், எந்த அளவில் கூடும் என்பன மார்க்க அறிஞர் நெடுங்காலமாக ஆய்ந்துவரும் வினாக்கள். தமிழ்த்துறை மலரில் அவற்றுக்குத் தீர்ப்பெழுத யாம் துணியோம். தாயிரா தட்டிப் பாடி ஊரூராகச் சென்ற பக்கீர்களும், 2015இல் நம்மைப் பிரிந்த நாகூர் ஹனீபா அவர்களின் கம்பீரக் குரலும் நம் வீடுகளில் வாழ்ந்ததை மட்டும் நினைவூட்டி அமைகிறோம். யாம் காட்ட விரும்புவது ஒரே நாட்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா அச்சே நகரில், அநாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் இசைக் கூட்டத்திற் புகுந்த காவலர், அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞரைப் பிடித்துச் சென்று தலையை மழித்துக் குளத்தில் இறக்கிப் பல நாள் ‘சீர்திருத்தப் பயிற்சி’ அளித்தனர். அப்படங்கள் உலகெங்கும் சென்றன. மழித்த முடி வளர்ந்துவிடும். அவ்விளைஞருள் எத்தனைபேர் உள்ளத்தில் அதன்பின் பெரியோர்பால் அன்பு வளர்ந்திருக்கும்?

மற்றது, சாவகத் தீவின் மேற்கே காருத் என்னும் மலைப்பகுதியில் நிகழ்ந்தது. ஒரு சிற்றூர் மத்ரஸாவில் பயின்ற மார்ஷ்யா, விதி, சித்தி என்னும் மூன்று சிறுமியர் 2014இல் ‘வாய்ஸ் ஆஃப் பேசெப்ரோட்’ என்றொரு குழுவாயினர். பேசெப்ரோட் என்றால் அவர்கள் சுந்தா மொழியில் வாயாடி, இரைச்சலிடுபவள் என்று பொருள். ராக் வகையிலேயே மிகக் கடுமையான மெட்டல் இசை, தலையில் ஹிஜாப். பள்ளியில் மாணவர் குறை கேட்கும் பொறுப்பிலிருந்த ஓர் ஆசிரியரே அவ்விசையை அவர்களுக்கு அறிமுகப்படுத்திப் பழக்கினார். ஊரில் எதிர்ப்பு இருந்தது; மிரட்டலும் இருந்தது. அவர்கள் மார்க்கத்தையும் விடவில்லை, கிதாரையும் விடவில்லை. சிறார் மணத்திற்கு எதிராகவும் பெண் உடலின் உரிமை பற்றியும் பாடினர். 2024 சூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில், அங்கே இசைத்த முதல் இந்தோனேசியக் குழு என்ற பெயரோடு மேடையேறினர். இச்செய்தியை வகுப்பிற் கூறியபோது பின்வரிசையில் அமர்ந்திருந்த எம் மாணவி ஒருத்தி, ‘ஐயா, அந்த ஆசிரியர் பெயர் என்ன?’ என்றாள். குழுவின் பெயரை அவள் கேட்கவில்லை.

மலைக்கேற்ற தடைகளும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டா. இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாதென 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. யானையும் காட்டெருமையும் நடமாடும் இம்மலையில் இவ்விதி மற்றெங்கினும் இன்றியமையாதது. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்து மலையை அதிரச் செய்வதை யாமும் ஏற்கோம்; அதைச் சுற்றுலாக் கூடாரக்காரர்களே போதுமான அளவு செய்துவருகின்றனர். கடைசிப் பேருந்துக்குப்பின் தோட்டத்திற்குச் செல்ல வழியில்லை என்பது பெண்பிள்ளைகளைத் தடுக்கும் பெருங்காரணம். கோடைவிழா மேடை அரசுடையது. அது மே மாதத்தில் வருவோர்க்காக அமைக்கப்படுவது, மலையில் இருப்போர்க்காக அன்று. ஆகவே வேண்டியது சுவர் உள்ள, கதவு உள்ள, பகலில் திறக்கும் ஓர் எளிய கூடம்.

அது எம்மிடமே இருக்கிறது. எம் கல்லூரியின் பழைய கூட்ட அரங்கு, புதிய அரங்கம் கட்டியபின், தேர்வுக்கால மேசைகளை அடுக்கிவைக்க மட்டும் பயன்படுகிறது. 200 பேர் அமரலாம். கூரை ஓடு இரண்டிடத்தில் ஒழுகும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நண்பகல் 2 மணி முதல் மாலை 6 மணி வரை அதைத் திறந்துவிடக் கேட்கிறோம். தொழுகை வேளையில் நிறுத்தப்படும். மது, புகை, போதை எதுவும் வளாகத்திற்குள் வரலாகாது. பிறர் பாட்டைப் பாடலாகாது என்ற கிறிஸ்டலின் விதியைச் சற்றே தளர்த்தி, ஒருவர் பாடும் மூன்று பாட்டில் இரண்டாவது சொந்தமாயிருக்கவேண்டும் எனலாம். கோத்தரும் இருளரும் வரட்டும், பறையும் வரட்டும், கிதாரும் வரட்டும், பக்கீரின் தாயிராவும் வரட்டும். கட்டணம் பத்து ரூபாய், அது மின்கட்டணத்திற்கு. வாயிலில் எம் துறை ஆசிரியர் இருவர் நிற்போம். தோட்டப் பிள்ளைகள் மாலை 6.40 பேருந்தைப் பிடித்துவிடலாம். நேரம் பார்த்தே சொல்கிறோம்.

பாட்டின் சொற்களை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்று துறைக்கூட்டத்தில் ஒரு நண்பர் கூறினார். யாம் உடன்படவில்லை. தோட்டத்துக் கூலியைப் பற்றியோ, கல்லூரியைப் பற்றியோ, எம்மைப் பற்றியோகூட அவர்கள் பாடக்கூடும். பாடட்டும். கேட்டபின் பேசுவோம். பிறரை இழித்தால் அடுத்த சனிக்கிழமை இடமில்லை, அவ்வளவே.

இவ்விண்ணப்பத்தை ஆட்சிக்குழுவின் முன் வைத்துள்ளோம். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், எண்பதை நெருங்கியவர், ‘சத்தம் எனக்கு ஆகாது, ஆனால் பிள்ளைகள் அந்த விடுதிக்குப் போவது அதைவிட ஆகாது’ என்றார். ஓடு மாற்ற எவ்வளவு ஆகும் என்று அவரே கொத்தனாரைக் கேட்டிருக்கிறார். அரங்கின் சாவி இப்போது அலுவலகத்து ஆணியில் தொங்குகிறது.